இயந்திரம் வாங்கிவிட்டால் வாய் மூடிவிடலாமா?

இருட்டை விலைகொடுத்து விரட்டிவிடலாம் என்ற எண்ணம் நம்மவரிடையே வேகமாகப் பரவி வருகின்றது. மின்சாரம் நின்றால் என்ன? மின்பிறப்பாக்கி ஒன்றை வாங்கிப் பின்வளவில் வைத்துக்கொண்டால் போதும்; பிறகு மின்சார சபை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கும் மனப்பான்மை நிந்தவூரிலும் காரைதீவிலும் கல்முனையிலும் சம்மாந்துறையிலும் வேரூன்றி விட்டது. ஊரார் ஜெனரேட்டர் என்று அழைக்கும் இந்த இயந்திரத்தின் மீது நமக்குப் பகை ஏதும் இல்லை. அதை வாங்காதீர்கள் என்று சொல்லவும் நாம் வரவில்லை. அறியாமல் வாங்குவதைக் கண்டிக்கின்றோம். வாங்கியபின் பேணாமல் விடுவதைக் கண்டிக்கின்றோம். இவ்விரண்டிலும் கொடியது ஒன்று உண்டு: நம் வீட்டில் விளக்கெரிகிறது என்ற நிறைவில், ஊரின் உரிமையைப் பற்றி வாய் திறவாதிருப்பது. அதை எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்டிக்கின்றோம்.

இந்த இயந்திரம் நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது? ஆடம்பரத்துக்காக வந்ததென்று சொல்வது அநீதி. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்த நாடு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இன்றிக் கிடந்தது. அந்நியச் செலாவணி இல்லை, அதனால் எரிபொருள் இல்லை. அணைகளில் நீரும் குன்றியிருந்தது, அதனால் மின்சாரமும் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ரமழான் பிறந்தபோதும் மின்வெட்டு தீர்ந்தபாடில்லை. அது செலாவணிப் பஞ்சத்தின் விளைவு என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. அப்படியானால் 2015 செப்டெம்பரில் நாடு முழுவதும் இருண்டது எதனால்? 2016 பெப்ரவரியிலும் மார்ச்சிலும், 2020 ஆகஸ்டிலும் இருண்டது எதனால்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மின்சாரம் அற்றுப்போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் விளக்கம் தந்தார். வாலில் தீவைத்து இலங்கையை எரித்த குரங்கின் கதையைப் பாட்டன் காலத்திலிருந்து கேட்டிருக்கிறோம். இலங்கையை இருட்டாக்கிய குரங்கின் கதையை அன்றுதான் கேட்டோம்! ஓர் உபமின்நிலையத்தில் நேர்ந்த ஒரு கோளாறு நாட்டின் விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுமானால், பிழை குரங்கினதா, குரங்கு நுழைய வழிவிட்டோரதா?

கிழக்குக் கரையில் வாழும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1978 நவம்பர்ச் சூறாவளியை முதியோர் மறக்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளை இக்கரை உள்ளவரை எவரும் மறக்கப்போவதில்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியைக் கடந்த வெள்ளம் நிந்தவூரில் ஓதிவிட்டு வீடு திரும்பிய பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு அதே நவம்பரில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியது. மாரி மழை வரும்போது மின்கம்பி அறுவதும் வீதி மூழ்குவதும் ஒன்றாகவே நிகழ்கின்றன. அந்த வேளையில் இன்சுலின் மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டிய நோயாளிக்கும், மூச்சிரைப்புக்குக் கருவி பூட்டவேண்டிய குழந்தைக்கும் மின்சாரம் வசதியன்று, உயிர். ஆகவே இயந்திரம் தேவையா என்ற கேள்விக்கு இடமில்லை. எத்தகைய இயந்திரம், எந்த நோக்கத்துக்கு, யாருடைய பொறுப்பில் என்பதே கேள்வி.

பெருமைக்கு வாங்கும் பேரியந்திரம்

முதற் குற்றம் அளவில் இருக்கின்றது. அண்டைவீட்டார் ஐந்து கே.வீ.ஏ. வாங்கினால் நாம் ஏழரை வாங்கவேண்டும் என்ற போட்டி நம்மிடையே உண்டு. கலியாணப் பந்தலில் காட்டும் பெருமையை இயந்திரத்திலும் காட்டப் புறப்பட்டால் இழப்பு யாருக்கு? ஒரு நடுத்தர வீட்டின் தேவையைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்பது வாற்று மின்குமிழ் ஆறு: 54 வாற்று. மின்விசிறி மூன்று: ஏறத்தாழ 225. கைப்பேசி முதலிய சிறு கருவிகள்: 30. தொலைக்காட்சி: 80. குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது: 150. எல்லாம் சேர்ந்து 539 வாற்று. அவ்வளவுதான்! இந்த வீட்டுக்கு ஏழரை கே.வீ.ஏ. டீசல் இயந்திரம் எதற்கு?

கே.வீ.ஏ. என்பதும் கிலோவாற்று என்பதும் ஒன்றல்ல என்பதைக் கடைக்காரர் எல்லோரும் எடுத்துச் சொல்வதில்லை. டீசல் இயந்திரங்களில் வழக்கமாகக் கணக்கிடும் 0.8 என்ற காரணியால் பெருக்கினால் ஏழரை கே.வீ.ஏ. ஆறு கிலோவாற்று ஆகும். அதில் 539 வாற்றை மட்டும் எடுத்தால் இயந்திரம் நூற்றுக்கு ஒன்பது பங்கு சுமையோடு ஓடுகின்றது. இது வெறும் வீண்செலவு என்று எண்ணவேண்டாம். டீசல் இயந்திரம் தன் வலுவில் நூற்றுக்கு முப்பது பங்குக்கும் குறைந்த சுமையோடு நெடுநேரம் ஓடினால் உள்ளே போதிய வெப்பம் ஏறாது, டீசல் முழுதாக எரியாது, எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயிலும் வால்வுகளிலும் படியும், கறுப்பு ஈரம் கசியும், வலு குன்றும். பெருமைக்கு வாங்கிய இயந்திரம் பெருமையாலேயே கெடுகின்றது. யானையைக் கட்டிவைத்து ஆட்டுக்குரிய தீனி போட்டால் யானை பிழைக்குமா?

அதற்காகக் கணக்குப் பாராமல் மிகச் சிறியதை வாங்குவதும் அறிவன்று. மோட்டர் உள்ள கருவி எதுவும் புறப்படும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ வலுக் கேட்கும். அரைக் குதிரைவலு நீரிறைக்கும் மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 600 வாற்று எடுத்தாலும், புறப்படும்போது 1,800 வரை இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டு மோட்டரைப் போட்டாலும் மற்றவை 389, மோட்டர் 1,800. மொத்தம் 2,189 வாற்று. ஆகவே தொடர்ந்து இரண்டு கிலோவாற்றும், கணநேரத்துக்கு இரண்டரையும் தரக்கூடிய இயந்திரம் இந்த வீட்டுக்குப் போதும். மோட்டரைத் தனியே ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டு, பிறகு மற்றவற்றைப் போடும் ஒழுங்கு இருந்தால் அதிலும் சிறிது குறையலாம். ஸ்திரிக்கைப் பெட்டியையும் மின்கேத்தலையும் மின்சாரம் வரும்வரை தொடாதிருப்பது யாருக்கும் பெரிய துன்பமன்று. குளிரூட்டி இல்லாமல் உறங்கமாட்டோம் என்போர் வேண்டுமானால் பெரியதை வாங்கட்டும். அதன் செலவையும் அறிந்து வாங்கட்டும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. சில கணங்களுக்கு மட்டுமே தாங்கக்கூடியது. தொடர்ந்து தரும் அளவு சிறிய எழுத்தில், பின்புறத் தகட்டில் இருக்கும். வாங்குவோர் அந்தத் தகட்டைப் படிக்கவேண்டும். உதிரிப்பாகம் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கிடைக்குமா, பழுதுபார்க்கத் தெரிந்தவர் அருகில் உண்டா என்று கேட்கவேண்டும். கணினியும் நுண்ணிய மருத்துவக் கருவியும் உள்ள வீட்டார், சீரான மின்னோட்டம் தரும் இன்வேர்ட்டர் வகை மின்பிறப்பாக்கியை நாடவேண்டும். அது விலை கூடியது. ஆனால் சுமைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடுவதால் எரிபொருளும் குறையும், இரைச்சலும் குறையும். நாள்தோறும் நெடுநேரம் கடுஞ்சுமையோடு ஓட்டவேண்டிய அரிசி ஆலைக்கும் வைத்தியருடைய மருந்தகத்துக்கும் டீசல் பொருந்தும். எப்போதாவது சில மணிநேரம் ஓட்டும் வீட்டுக்குச் சிறு பெற்றோல் இயந்திரமே பொருத்தம்.

புகையும் கம்பியும்

இரண்டாவது குற்றம் உயிர்க்குற்றம். மழையில் நனையாதிருக்கவும் கள்வர் தூக்கிச் செல்லாதிருக்கவும் இயந்திரத்தைக் குசினி ஓரத்திலும் விறாந்தையிலும் வைத்து ஓட்டுவோர் இருக்கிறார்கள். அதன் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு அது குருதியில் சேர்ந்துகொள்கின்றது. தலையிடிக்கும், குமட்டும், உறக்கம் வரும். உறங்கியவர் எழுவதில்லை. ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓடவிட்டு உறங்கியவர்கள் விடியலைக் காணாமற் போனதுண்டு. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். 2020 ஆகஸ்டில் லாரா புயல் லூசியானா மாநிலத்தைத் தாக்கியபோது, புயலுக்குத் தப்பிய பலர் புயலுக்குப் பின் ஓட்டிய ஜெனரேட்டரின் புகைக்குத் தப்பவில்லை.

ஆகவே சன்னல், கதவு, காற்றுத் துவாரம் எதிலிருந்தும் குறைந்தது இருபது அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டை நோக்காமல் இயந்திரம் நிற்கவேண்டும். அண்டைவீட்டாரின் சன்னலையும் நோக்கக்கூடாது! நம் வீட்டுக் குளிர்ச்சிக்காக அடுத்த வீட்டுக் குழந்தை நஞ்சை மூச்சாக இழுப்பது எந்த நீதியில் சேரும்? வளவு சிறியதாயின், இயந்திரம் ஓட்ட அங்கே இடமில்லை என்பதே அதன் பொருள். அத்தகைய வீட்டுக்கு வேறு வழியுண்டு; அதைப் பின்னர்ச் சொல்வோம்.

மற்றொரு கொலை கம்பி வழியே நடக்கின்றது. இரு முனையிலும் செருகி பூட்டிய கம்பியொன்றைச் செய்து, ஒரு முனையை இயந்திரத்திலும் மறுமுனையைச் சுவரிலும் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் பாய்ச்சுவோர் தம்மைக் கெட்டிக்காரர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பிரதான ஆளியை மூட மறந்தால் என்ன நடக்கும்? அந்த மின்சாரம் வீதிக் கம்பிக்குப் பாயும். வீதியிலுள்ள மின்மாற்றி, வீட்டுக்கு வரும்போது மின்னழுத்தத்தைக் குறைப்பது போலவே, திரும்பிப் போகும்போது அதைக் கூட்டும். 230 வோற்று 11,000 ஆகவோ 33,000 ஆகவோ உயரும். கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பிக் கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளி யார்? நமக்கு வெளிச்சம் தர வந்த ஏழை வீட்டுப் பிள்ளை. அவனை நம் கெட்டிக்காரத்தனம் கொன்றுவிடும். வீதிக் கம்பியும் இயந்திரமும் எந்த நிலையிலும் ஒன்று சேராதபடி தடுக்கும் மாற்று ஆளியை, தகுதிபெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு பொருத்துவது கட்டாயம். புவித்தொடுப்பும் முறையாக இருக்கவேண்டும். இயந்திரத்துக்கு இலட்சம் கொடுப்போர் இந்த ஆளிக்குக் கணக்குப் பார்ப்பது சிறுமை அல்லவா?

வயலைப் பேணுவோர் இதைப் பேணாரோ?

மூன்றாவது குற்றம் பராமரிப்பில். நம் விவசாயிக்கு இயந்திரத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. வட்டையில் உழவு தொடங்கும் முன் உழவு இயந்திரத்தின் ஒயிலைப் பாராத போடியார் உண்டா? தண்ணீர் திறக்கும் நாளுக்கு இயந்திரம் ஆயத்தமாக இல்லாவிட்டால் ஒரு போகமே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அதே மனிதர் வீட்டு மின்பிறப்பாக்கியை மூலையில் சாக்கு மூடி வைத்துவிட்டு, பதினொரு மாதம் கழித்துப் புயலன்று இரவு இழுகயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிக்க நிற்கின்றார். 'சாமான் சரியில்லை' என்று கடைக்காரரை வைகின்றார். சாமான் சரியாகத்தான் இருந்தது. பேணத்தான் ஆள் இல்லை.

வேலை கடினமன்று. புதிய சிறு பெற்றோல் இயந்திரத்தின் முதல் ஒயிலை ஏறத்தாழ 20 மணிநேரம் ஓடியபின் மாற்றவேண்டும். அதன்பின் 100 மணிநேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எது முந்துகிறதோ அது. நாளுக்கு 13 மணிநேரம் ஓட்டினால் எட்டே நாளில் நூறு மணிநேரம் கடந்துவிடும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் ஒயில் மட்டத்தைப் பார்க்கவேண்டும். காற்று வடிகட்டியை 50 மணிநேரத்துக்கு ஒருமுறை துப்புரவு செய்யவேண்டும். கடற்கரை மணல் பறக்கும் வீட்டில் அதனினும் விரைவாக. ஸ்பார்க் பிளக்கை 100 மணிநேரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துப் பார்க்கவேண்டும்.

பெற்றோல் கெடாத பொருள் என்று நினைப்பது தவறு. சில வாரங்கள், மிஞ்சினால் மூன்று மாதம். பிறகு அது பழுதாகிப் பிசினாகிக் காபுரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். இழுத்தும் இயங்காத இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான். ஓட்டி முடிந்ததும் எரிபொருள் திருகை மூடிவிட்டு, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் காபுரேற்றர் வெறுமையாகிவிடும். நெடுநாள் ஓட்டாமல் வைப்பதாயின் தாங்கியையும் வடித்துவிடவேண்டும். சூடான இயந்திரத்தில் பெற்றோல் ஊற்றுவது தீயை அழைப்பதாகும், ஆறவிட்டே ஊற்றவேண்டும். டீசல் இயந்திரமாயின் எண்ணெயோடு சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிகட்டியிலிருந்து இறக்கவேண்டும். மின்கலத்தின் முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசவேண்டும்.

நம் கரைக்கு மட்டும் உரிய பகைவன் ஒருவன் உண்டு; அவன் உப்புக்காற்று. திருகாணியையும் தகட்டையும் கம்பி முனையையும் அவன் ஓசையின்றித் தின்றுவிடுவான். கடற்காற்று நேரே படாத பக்கத்தில், மேலே கூரையும் பக்கங்களில் திறப்பும் உள்ள இடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் சீமெந்து மேடை கட்டி வைக்கவேண்டும். நன்னீர் தோய்த்துப் பிழிந்த துணியால் அடிக்கடி துடைத்து உலரவிடவேண்டும். இவையனைத்துக்கும் மேலாக, மின்வெட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதம் ஒருமுறை இருபது நிமிடம், வெறுமனே அன்று, விளக்கும் விசிறியும் பூட்டிச் சுமையோடு ஓட்டிப் பார்க்கவேண்டும். தேவையான வேளையில் இயங்காத இயந்திரம் காசு கொடுத்து வாங்கிய பொய்.

ஒவ்வொரு முறையும் ஓடிய நாள், தொடங்கிய நேரம், நின்ற நேரம், ஊற்றிய எரிபொருள், மாற்றிய ஒயில் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதவேண்டும். இந்தக் கொப்பியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அதன் பயன் ஒயில் மாற்றுவதோடு முடிவதில்லை.

எண்ணெய் இல்லாத இயந்திரம்

இயந்திரம் இருந்துவிட்டால் அரசாங்கம் தேவையில்லை என்போருக்கு 2022ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு மார்ச்சில் லீற்றர் 254 ரூபாவாக விற்ற பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. மணிக்கு ஒரு லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 13 மணிநேர இருளை விரட்ட மார்ச் விலையில் நாளொன்றுக்கு 3,302 ரூபா; ஜூன் விலையில் 6,110 ரூபா. ஆசிரியர் சம்பளம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? காசு இருந்தாலும் எண்ணெய் இல்லை. கலன்களில் எரிபொருள் கொடுப்பது தடுக்கப்பட்டது. ஜெனரேட்டரைத் தலையில் சுமந்துகொண்டா வரிசையில் நிற்பது? ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். அன்று மாடி வீட்டு இயந்திரமும் குடிசை வீட்டுக் குப்பிவிளக்கும் ஒன்றாகவே அணைந்தன. அரசாங்கத்தின் தோல்விக்குத் தனிமனிதன் தப்பி ஓடக்கூடிய தீவு எதுவும் இல்லை என்ற பாடத்தை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது.

கூரையில் சூரியத் தகடு பதித்தவர்களும் இறுமாக்க இடமில்லை. 2016இல் அரசாங்கம் தொடங்கிய சூரிய மின் இயக்கத்தை நம்பிப் பலர் பணம் போட்டார்கள். வீதிக் கம்பியோடு மட்டும் இணைத்த தகடு, வீதியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். நண்பகல் வெயிலிலும் ஒரு விளக்கை எரிக்காது. கம்பத்தில் ஏறும் தொழிலாளியைக் காக்கும் ஏற்பாடு அது, குறைசொல்ல முடியாது. ஆனால் மின்கலமும் அதற்கேற்ற கருவியும் இல்லாமல் தகடு இருளுக்கு மருந்தாகாது என்று விற்றவர்கள் சொன்னார்களா? 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது. இருந்தால் வேண்டாம் என்பதும், வேண்டும்போது இல்லை என்பதும்தான் நம் மின்சாரத்தின் இலட்சணம்!

சிறிய வளவுக்குரிய வழி ஒன்றைச் சொல்வதாகக் கூறினோம். 12 வோற்று, 200 அம்பியர்-மணி ஈயமின்கலம் ஒன்றில் 2,400 வாற்று-மணி உண்டு. மின்கலம் கெடாதிருக்கப் பாதியே எடுக்கவேண்டும்; எஞ்சுவது 1,200. ஆறு மின்குமிழ், இரண்டு விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்கு 234 வாற்று. ஐந்து மணிநேரத்துக்கு 1,170. ஆகவே சாதாரண மின்வெட்டுக்கு மின்கலமும் இன்வேர்ட்டரும் போதும். புகையில்லை, இரைச்சலில்லை, எண்ணெய் வரிசையில்லை. குளிர்சாதனப் பெட்டியும் நீர்மோட்டரும் நெடுநேரம் ஓடவேண்டிய வீட்டுக்கே எண்ணெய் இயந்திரம் வேண்டும்.

மௌனத்தின் விலை

இப்போது தலையாய விடயத்துக்கு வருவோம். ஊரில் யாருடைய சொல் அலுவலகத்தில் ஏறும்? வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, அதிபர், ஆலை முதலாளி, போடியார்: இவர்களுடைய சொல்தான். மின்சாரம் நின்றவுடன் தொலைபேசி எடுத்துக் கேட்கக்கூடியவர்கள் இவர்களே. இவர்கள் வீட்டில்தான் முதலில் இயந்திரம் வந்தது. வந்தவுடன் தொலைபேசி ஓய்ந்தது. மின்சாரம் நின்றது தெரியாமலே தொலைக்காட்சி பார்க்கிறார்கள். கடற்கரை ஓரத்து மீனவன் வீட்டிலும், கூலிக்குக் கதிர் அறுப்பவன் வீட்டிலும், மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படிக்கும் பிள்ளை வீட்டிலும் மட்டுமே முறைப்பாடு எஞ்சியிருக்கிறது. அந்த முறைப்பாட்டை யார் கேட்கிறார்கள்? இயந்திரத்தின் இரைச்சல் அடுத்த வீட்டின் உறக்கத்தை மட்டுமா கெடுக்கின்றது? ஊரின் உரிமைக் குரலையும் அமுக்கிவிடுகின்றது.

'காசிருக்கிறவன் வாங்குகிறான், உனக்கென்ன?' என்று கேட்போருக்கு விடை இதுதான். வீட்டு இயந்திரம் வைத்தியசாலையை ஓட்டாது. குடிநீர்த் தாங்கிக்கு நீர் ஏற்றாது. தொலைபேசிக் கோபுரத்தை உயிரோடு வைத்திராது. வீதி விளக்கை ஏற்றாது. வீட்டுக்குள் விளக்கெரிய, மாரடைப்பு வந்த தந்தையைக் கொண்டுசெல்லும் வைத்தியசாலை இருண்டிருந்தால், அந்த விளக்கால் என்ன பயன்?

மின்சாரம் நமக்கு யாரும் போடும் பிச்சையன்று. 2022 ஆகஸ்டில் சராசரி நூற்றுக்கு 75 பங்கும், 2023 பெப்ரவரியில் அதன்மேல் 66 பங்கும் கட்டணத்தைக் கூட்டியபோது நாம் செலுத்தினோம். கல்லோயாத் திட்டத்தில் எழுந்த இங்கினியாகலை அணையடியில் சுமார் 11 மெகாவாற்று மின்நிலையம் ஒன்று நிற்கின்றது. அங்கே சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீரே கடைமடையிலுள்ள நம் வேளாண்மைக்குப் பாய்கின்றது. அந்த மின்சாரம் நாடு முழுவதற்குமான வலையமைப்பில் சேர்வது சரி. பொதுச் சொத்து பொதுவாகவே பயன்படவேண்டும். ஆனால் பொது வலையமைப்பின் பராமரிப்பும் கடைமடை வரை வரவேண்டும் அல்லவா?

ஆகவே நாம் கேட்பவை இவை. மின்சார சபையானாலும், அதைப் பிரித்தமைக்க 2024இல் இயற்றிய சட்டத்தின் வழி வரும் கம்பனிகளானாலும், மாரி தொடங்கும் முன் கம்பிமேல் சாயும் கிளைகளை வெட்டவேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடித்த இணைப்புகளையும் மின்மாற்றிகளையும் சோதிக்கவேண்டும். திட்டமிட்ட மின்வெட்டை நாளும் நேரமும் குறித்துத் தமிழில் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். வைத்தியசாலை, குடிநீர் நிலையம், தொலைபேசிக் கோபுரம் ஆகியவற்றின் இயந்திரங்களை மாதந்தோறும் சுமையோடு ஓட்டிப் பார்த்து, போதிய எரிபொருளைச் சேமித்து வைத்திருக்கவேண்டும். பிரதேச சபை ஊருக்குப் பொதுவான இடமொன்றில், முறையாக நிறுவிய ஓர் இயந்திரத்தை வைத்து, ஏழைகளின் மருந்தைக் குளிரில் காக்கவும் கைப்பேசிக்கு மின்னேற்றவும் வழிசெய்யவேண்டும். பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் இருக்கும் இயந்திரங்களை ஆபத்து வேளையில் ஊருக்குத் திறந்துவிட நிருவாகிகள் இப்போதே உடன்படவேண்டும். வீட்டுக்கு வீடு இருபது இயந்திரம் இரைவதைவிடத் தெருவுக்கு ஒன்று ஒழுங்காக இயங்குவது மேல்.

கேட்டால் கொடுத்துவிடுவார்களா? கையில் சான்று இல்லாத முறைப்பாட்டை அலுவலர் புன்னகையோடு ஒதுக்கிவிடுவார். 'அப்படி ஒன்றும் அடிக்கடி நிற்பதில்லையே' என்பார். அதற்குத்தான் அந்தக் கொப்பி! இயந்திரம் ஓடிய ஒவ்வொரு மணிநேரமும் மின்சாரம் நின்ற மணிநேரம். ஒயில் மாற்றுவதற்காக நாம் எழுதிவைத்த நாளும் நேரமும், மின்சாரம் வழங்குவோர் தவறியதற்கு நாம் எழுதிவைத்த சாட்சியம். மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்ததை மட்டும் வேறாகக் குறித்துவிட்டால் கணக்கில் யாரும் பிழை காண முடியாது. நிந்தவூரில் ஐம்பது வீட்டார் தம் கொப்பிகளை ஒன்றுசேர்த்து, எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எத்தனை மணிநேரம் என்று கணக்கெடுத்துக் கையொப்பமிட்டு மின்சார அத்தியட்சகருக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்கும் அனுப்பட்டும். அந்தக் கணக்கைப் புன்னகையால் ஒதுக்க முடியுமா என்று பார்ப்போம்.

இயந்திரம் வாங்க வசதியுள்ளவர்கள் ஊருக்குக் கடன்பட்டவர்கள். அவர்களிடம்தான் கணக்கும் இருக்கின்றது, குரலும் இருக்கின்றது. தேவைக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள்; வீட்டுக்கு வெளியே வையுங்கள்; மாற்று ஆளி பூட்டுங்கள்; மாதந்தோறும் ஓட்டுங்கள்; ஒன்றும் விடாமல் எழுதுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு, இயந்திரம் இல்லாத அயலவனையும் அழைத்துக்கொண்டு, அலுவலகத்தின் வாசலுக்குச் செல்லுங்கள். அடுத்த மாரிக்கு முன் செல்லுங்கள்.